மானிப்பாயிற் கிறீன் வைத்தியர்

ஈழத்துத் தமிழர் வரலாற்றில் 1822ஆம் ஆண்டு நினைவிற் கொள்ளற்பாலது. அவ்வாண்டு மார்கழித் திங்களில் நல்லூரிலே ஆறுமுக நாவலர் பிறந்தார். அதற்கு இரு திங்கள் முன்னர், ஐப்பசித் திங்களில், அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாகாணத்து வூஸ்ரர் என்னும் ஊரிலே சாமுவேல் பிஸ்க் கிறீன் பிறந்தார். ஒருவர் சைவத்தையும் தமிழையும் பேணப் பிறந்தவர். மற்றவர் கிறித்து சமயத்தைப் பரப்புதற்கென்று கடல் கடந்து வந்தவர். எனினும் இருவரும் பணி தொடங்கிய ஆண்டும் ஒன்றே. 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதே ஆண்டில், அங்கிருந்து நாலைந்து மைல் தொலைவிலுள்ள மானிப்பாயில், கிறீன் சில தமிழ் இளைஞரைக் கூட்டி வைத்து மேனாட்டு மருத்துவம் கற்பிக்கலானார். நாவலரைப் பற்றி நம்மவர் எழுதியவை மிகப் பல. கிறீனைப் பற்றி எழுதியவை மிகச் சில. சமயவேற்றுமை ஒன்றே அதற்குக் காரணம் எனல் பொருந்தாது. மருத்துவ நூல்களை இலக்கிய வரலாற்றாசிரியர் எடுத்துப் பார்ப்பதில்லை; மருத்துவரோ பழைய தமிழ் நூல்களைத் தேடுவதில்லை. இவ்விரு திறத்தார்க்கும் இடையிலே கிறீனின் நூல்கள் மறைந்து கிடந்தன.

அமெரிக்கர் யாழ்ப்பாணத்தைத் தேடி வந்த வரலாறு சற்று விந்தையானது. அவர்கள் முதலில் நாடியது யாழ்ப்பாணத்தையன்று, இந்தியாவையே. 1810இல் அமைந்த அமெரிக்க மிசன் சபையார் 1812இல் அனுப்பிய தொண்டரைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கல்கத்தாவில் நிலைக்க விடவில்லை. வாணிகம் செய்ய வந்த கம்பெனிக்குச் சமயப் பிரசாரகர் தலைவலியாயினர். அன்றியும் அவ்வாண்டு பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. துரத்தப்பட்டோருள் ஒருவராகிய சாமுவேல் நியூவெல் என்பார் அலைந்து திரிந்து 1813இல் இலங்கையை அடைந்தார். இங்கே கம்பெனியாட்சி இல்லை. முடியாட்சிக்கு உட்பட்ட குடியேற்ற நாடு இது. தேசாதிபதி றொபேட் பிறவுன்றிக் அவரை விலக்கவில்லை. 1816ஆம் ஆண்டு பங்குனியில் அமெரிக்கத் தொண்டர் குழு ஒன்று கொழும்பில் வந்திறங்கிற்று. தென்னிலங்கையில் ஏனைய சபையார் முன்னரே பணியாற்றிக்கொண்டிருந்தனர். ஆகவே இவர்களுக்கு வட மாகாணம் ஒதுக்கப்பட்டது. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கட்டி, பின்னர்ப் பாழடைந்து கிடந்த பழைய கோயில்களும் மனைகளும் அவர்கட்கு இருப்பிடமாயின.

அரசு அவர்களை விரும்பி ஏற்றது என்று எண்ணிவிடலாகாது. 1820இல் அமெரிக்காவிலிருந்து வந்த அச்சுத் தொழிலாளர் ஒருவரை அரசினர் இந்நாட்டில் தங்க விடவில்லை. அச்சியந்திரம் அக்காலத்து ஆட்சியாளருக்கு அச்சந்தரும் பொருளாயிருந்தது போலும். ஆயினும் முன்னைய ஆண்டிறுதியில் வந்த மருத்துவர் ஒருவரை அவர்கள் தடுக்கவில்லை.

அவரே ஜோன் ஸ்கடர். நியூயோர்க் நகரிலே நல்ல வருவாயுடன் வைத்தியத் தொழில் நடத்தியவர். நோயாளி ஒருவரின் வீட்டிலே கிடந்த சிறு பிரசுரம் ஒன்றை எடுத்துப் படித்தமையால் மனமாற்றம் அடைந்து, மனைவியோடு 1819இல் பொஸ்ரன் துறையிற் கப்பலேறினார். 1820 முதல் பண்டத்தரிப்பிற் குடியிருந்தார். மருத்துவத் தொண்டின்பொருட்டு அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்றோருள் இவரையே முதல்வராகக் கூறுவர். ஒரு பெரிய நாட்டின் மருத்துவத் தொண்டு பண்டத்தரிப்பு என்னும் சிற்றூரில் தொடங்கிற்று என்பதை அவ்வூரவரே இன்று அறிவாரோ, அறியோம். சீனத்துக் கன்ரன் நகரிற் பீற்றர் பாக்கர் கண் மருத்துவமனை திறந்தது 1835இல். லிவிங்ஸ்டன் ஆபிரிக்காவுக்குப் புறப்பட்டது 1840இல். இவ்விருவர் புகழும் உலகெங்கும் பரவிற்று. ஸ்கடர் அவர்களுக்கு முற்பட்டவர்.

ஸ்கடர் 1836இற் சென்னைக்குப் பெயர்ந்தார். அவருடைய மக்களும் பேரரும் பலர் தென்னிந்தியாவில் மருத்துவரும் போதகருமாயினர். வேலூரிலே கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த பணியை 1900இற் சிறு மருந்தகமாகத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் அவருடைய பேர்த்தியாவர். யாழ்ப்பாணத்திலோ ஸ்கடருக்குப் பின் உவோட் என்னும் மருத்துவர் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். அவருக்குப் பின் வந்தவரே கிறீன்.

கிறீன் செல்வக் குடியிற் பிறந்தவர். அவருடைய தமையனார் அன்றூ ஹஸ்வெல் கிறீன் நியூயோர்க் நகரின் நடுப்பூங்கா அமைவதற்கு உழைத்தவர். பிரிந்து கிடந்த பகுதிகளை ஒன்றாக்கிப் பெருநகராக்கியவர் என்று அந்நகரத்தார் அவரைப் போற்றுவர். தமையனார் ஒரு நகரைக் கட்டினார். தம்பியார் ஒரு மொழிக்குச் சொற்களைக் கட்டினார் என்று கூறின் மிகையன்று. 1845இல் நியூயோர்க் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்ற கிறீன், 1847ஆம் ஆண்டு சித்திரையில் பொஸ்ரனிலிருந்து புறப்பட்டு, சென்னை வழியாக ஐப்பசியில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. முதலில் வட்டுக்கோட்டையில் தங்கியவர், மறு ஆண்டு மானிப்பாயை இருப்பிடமாக்கிக்கொண்டார்.

அவர் வந்த காலத்தை மருத்துவ வரலாற்றோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். ஈதரைக் கொண்டு நோயாளியை உணர்விழக்கச் செய்து அறுவை செய்யும் முறை பொஸ்ரனில் எல்லோருமறியக் காட்டப்பட்டது 1846ஆம் ஆண்டு ஐப்பசியில். குளோரபோமை எடின்பரோவிற் சிம்சன் பயன்படுத்தியது 1847ஆம் ஆண்டு கார்த்திகையில். கிறீன் யாழ்ப்பாணம் வந்த மறு திங்கள். நோய்க்குக் கிருமி காரணம் என்பது அப்போது நிறுவப்படவில்லை. மேனாட்டு மருத்துவம் முழுதும் தெளிந்த அறிவாகவும், நம் நாட்டு மருத்துவம் வெறும் மூடநம்பிக்கையாகவும் அக்காலத்தில் நின்றன என்று நினைப்பது தவறு. அறுவையிலும் மகப்பேற்றிலும் மேனாட்டார் முந்தியிருந்தனர். பல காய்ச்சல்களுக்கு அவர்களும் நம்மவரைப் போலவே தடுமாறினர்.

யாழ்ப்பாணத்திலோ ஆரியச் சக்கரவர்த்திகள் காலந் தொட்டு மருத்துவ மரபு ஒன்று இருந்தது. செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் அவ்வரசர் பெயரால் வழங்குவன. பரராசசேகரத்தை ஏழாலை பொன்னையா அவர்கள் இருபதாம் நூற்றாண்டிலே தேடித் தொகுத்து அச்சேற்றினார். பரம்பரை வைத்தியர் ஊர்தோறும் இருந்தனர். ஆயினும் ஏடுகள் குடும்பத்துள் ஒளித்து வைக்கப்பட்டன. தந்தை அறிந்ததை மகனுக்கு மட்டும் உரைத்தார். மகன் இல்லாதவர் அறிவு அவரோடு எரிந்தது. இக்குறையை நம்மவரே பலகால் சொல்லி வருந்தியுள்ளனர். கிறீன் கொண்டுவந்த புதுமை மருந்திலே மட்டும் இருந்தது அன்று. வகுப்பு, பாடநூல், பரீட்சை என்னும் முறையிலேயே பெரிதும் இருந்தது.

1848இல் மூன்று மாணவரோடு வகுப்புத் தொடங்கிற்று என்பர். வட்டுக்கோட்டைச் செமினரி அப்போது சிறந்து விளங்கியது. 1857இற் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை இருவரும் அச்செமினரியில் வளர்ந்தவரே. ஆங்கிலமும் கணிதமும் வானியலும் நன்கு கற்ற இளைஞர் கிறீனுக்குக் கிடைத்தனர். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். மாணவர் காலையில் நோயாளரைப் பார்ப்பர். பின்னர்ப் பாடங் கேட்பர். மருந்து கலப்பதும் காயங் கட்டுவதும் அவர்கள் கைப்பட நடந்தன. அமெரிக்காவிலே தமக்கு உதவுபொருள் அளித்தவர்களின் பெயரைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கம் அம்மிசனில் இருந்தமையால் டன்வோர்த், சப்மன், போல் என்றெல்லாம் பெயர் தாங்கிய தமிழர் வைத்தியராய் வெளிவந்தனர். பெயரைக் கண்டு அவர்களை அயலார் என்று மயங்குவோர் இன்றும் உளர்.

இலங்கை அரசினர் கொழும்பிலே மருத்துவக் கல்லூரியைத் திறந்தது 1870இல். மானிப்பாய் வகுப்பு அதற்கு இருபத்திரண்டு ஆண்டு முந்தியது. கல்கத்தாவிலும் சென்னையிலும் 1835இல் மருத்துவக் கல்விக்கூடங்கள் எழுந்தன என்பது உண்மை. ஆயினும் அவை பேரரசின் பொருட்பலத்தில் எழுந்தவை. ஓர் ஊர்ப்புறத்திலே, ஒரு தனி மருத்துவரின் முயற்சியால், ஏறக்குறைய கால் நூற்றாண்டு நிகழ்ந்த வகுப்பு வேறோர் இனத்தது. அதிற் பயின்று தேறியோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர்.

1858 அளவில் உடல் நலிந்து அமெரிக்கா மீண்ட கிறீன், மணம் புரிந்து 1862இல் மனைவியோடு மறுபடியும் மானிப்பாய்க்கு வந்தார். இரண்டாம் முறை வந்தபோது அவருடைய எண்ணம் மாறியிருந்தது. 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முற்பட்டார்.

இம்மாற்றம் எதனால் நிகழ்ந்தது? மூன்று காரணங் கூறலாம். ஆங்கிலத்திற் பயின்ற வைத்தியர் ஊரிலே தங்கவில்லை. அரச சேவையும் தோட்டங்களும் தெற்கே அழைத்தன. சம்பளமும் மதிப்பும் அங்கேயிருந்தன. மானிப்பாயிற் கற்றது மானிப்பாய்க்குப் பயன்படவில்லை. இரண்டாவது, மிசனின் கொள்கை. அச்சபையின் செயலாளர் றூபஸ் அண்டர்சன், ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கு ஆள் சேர்க்கிறதேயன்றிச் சமயத்தை வளர்க்கவில்லை என்று கருதினார். 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரியே மூடப்பட்டது. மூன்றாவது காரணம் கிறீனின் சொந்த மனப்பாங்கு. மேனாட்டு உடையும் உணவும் நடையும் பூண்ட தமிழரைக் காண அவர் விரும்பவில்லை. கிறித்தவராகிய தமிழர் தமிழராகவே வாழ்தல் வேண்டும் என்பது அவர் உறுதி. நாட்டு உடையை விடாதிருத்தலைத் தமிழ் வகுப்பு மாணவரிடம் வற்புறுத்தினார். அவரே காலப்போக்கில் ஆங்கிலத்தில் எண்ணுவதினும் தமிழில் எண்ணி எழுதுவதில் மனமகிழ்ந்தார் என்பது அவர் கடிதங்களாற் புலனாகின்றது.

தமிழிற் கற்பிப்பதாயின் நூல் வேண்டும். நூலெழுதச் சொல் வேண்டும். இங்கேதான் கிறீனின் அரும்பணி விளங்குகின்றது.

கல்வின் கற்றரின் உடற்கூற்று நூல் முதலில் தமிழாயிற்று. அதன் பெயர் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’. மகப்பேறு பற்றிய மோன்செலின் நூலும் தமிழ் வடிவம் பெற்றது. அறுவை மருத்துவம் பற்றிய துருவிற்றரின் நூல் ‘இரண வைத்தியம்’ என்று 1867இல் வெளிவந்தது. ஹென்றி கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆகியது 1872இல். மூலநூல் இலண்டனில் முதன் முதல் வெளிவந்ததற்குப் பதினான்கே ஆண்டு பிற்பட்டது. அதே ஆண்டில் ஹூப்பரின் நூல் ‘வைத்தியாகரம்’ என்னும் பெயரோடு வந்தது. வெல்சின் இரசாயன நூல் 1875இற் ‘கெமிஸ்தம்’ ஆயிற்று. டோல்ற்றனின் உடற்றொழில் நூல் 1883இல் ‘மனுஷ சுகரணம்’ ஆயிற்று. இவையெல்லாம் கிறீன் ஒருவரே செய்தவை எனல் பொருந்தாது. கெமிஸ்தத்திற்குச் சப்மனும் சுவாமிநாதன் என்பாரும் துணை நின்றனர். பிறவற்றிலும் மாணவரும் தமிழறிந்த துணைவரும் மொழிபெயர்க்க, கிறீன் மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்தினார். தலைப்புப் பக்கத்திலே ஒருவர் பெயர் பெரிதாகவும் பலர் பெயர் சிறிதாகவும் இருப்பது எல்லா நாட்டுப் புத்தகங்களுக்கும் உரிய இயல்பே. ஆனால் அச்சிறிய பெயர்களுக்குரியவர் வரலாற்றையும் தேடித் தொகுப்பது யாழ்ப்பாணத்தாரின் கடன்.

சொல்லாக்கத்தில் அவர் கொண்ட நெறி இது: முதலில் தமிழிற் சொல்லுண்டா என்று பார்த்தல், இல்லையாயின் வடமொழியில் தேடுதல், அங்கும் கிடையாதாயின் ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிக்கு இசைய மாற்றி எழுதுதல். இந்நெறி இன்று நமக்கு எளிதாகத் தோன்றும். பாடநூல் ஒன்று எழுத முற்பட்டுப் பக்கந்தோறும் நூறு பொருளுக்குப் பெயரில்லாது திகைத்தவரே அதன் அருமையை அறிவர்.

தமிழிற் சொல்லுண்டா என்று அவர் தேடிய இடம் சங்க இலக்கியமன்று. அவை அப்போது அச்சேறவில்லை. நாட்டு வைத்தியரின் வாய்மொழியும் ஏடுகளுமே அவருக்குக் கருவூலமாயின. ‘அங்காதிபாதம்’ என்பது அவர் புனைந்த பெயரன்று. நம் வைத்தியர் உறுப்பிலக்கணத்துக்கு வழங்கிய பெயர். ‘இரண வைத்தியம்’ என்பதும் அத்தகையதே. மருத்துவத் தொழிலில் யாரோடு போட்டியிட்டாரோ அவர்களுடைய சொல்லையே கடன் வாங்கினார் என்பது கவனித்தற்குரியது. மறுபுறத்தில், ‘சுகரணவாதம்’, ‘உற்பாலனம்’ முதலியவை வடமொழி வழி வந்து நம் காதுக்குக் கரடாய் ஒலிக்கின்றன. ‘கெமிஸ்தம்’ மூன்றாம் வகையினது. ஆங்கிலச் சொல்லின் வாலை வெட்டித் தமிழ் விகுதி ஒட்டியதுபோல் அது நிற்பதைக் கண்டு நகைப்பாரும் உளர். நகைக்க வேண்டுவதில்லை. பிற்காலத்தில் வந்த ‘இரசாயனம்’ தானும் தூய தமிழன்றே!

இச்சொற்களுட் பெரும்பாலன வழக்கு வீழ்ந்தன. 1936இற் சென்னை மாகாணத் தமிழர் சங்கத்தார் கூட்டிய சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் நம் நாட்டவராகிய விபுலாநந்த அடிகள். அதன் பயனாக 1938இற் கலைச்சொற்கள் தொகுப்பு வெளிவந்தது. பின்னர் இலங்கை அரசின் அரசகரும மொழித் திணைக்களத்தார் உடற்றொழிலியல், இரசாயனவியல் என்று தம் வழியிற் சொற்களை வகுத்தனர். தமிழ்நாட்டார் வேறு வழி சென்றனர். ஒரே பொருளுக்குக் கடலின் இரு கரையிலும் இருவேறு சொல் வழங்கும் நிலை உண்டாயிற்று. கிறீன் தம் காலத்திலேயே சொற்பட்டியல்களைத் தொகுத்து அச்சிட்டு, பிறர் ஆய்வுக்கு வைத்தவர். பின்வந்தோர் அவற்றைப் போதிய அளவு பார்த்தனர் என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொரு தலைமுறையும் கிணற்றைப் புதிதாக வெட்டிற்று.

இனி, வாந்திபேதி வந்த காலத்தைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்தை அந்நோய் பலமுறை வருத்திற்று. தென்னிந்தியக் கரையிலிருந்து வருவோரும் திருவிழாக் கூட்டங்களும் அதைப் பரப்பினர். 1866, 1867ஆம் ஆண்டுகளில் வந்தது மிகக் கொடியது. மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். கிறீனும் அவர் மாணவரும் ஊரூராகச் சென்றனர். வாந்திபேதி பற்றித் தமிழிற் சிறு பிரசுரமும் வழங்கப்பட்டது. இலண்டனிலே ஒரு தெருவின் நீர்க்குழாயே நோய்க்கு ஊற்று என்று ஜோன் சினோ காட்டியது 1854இல். ஆயினும் மருத்துவ உலகம் அதை முழுதும் ஏற்கவில்லை. நோயின் கிருமியை உறோபேட் கொக் கல்கத்தாவிலே ஆராய்ந்து உறுதிசெய்து அறிவித்தது 1884இல். ஆகவே கிறீனின் மாணவர் தாம் எதிர்த்து நின்றது எதனை என்று அறியாமலே நின்றனர். மருந்தினால் மீண்டவர் எத்துணையர், இயல்பாக மீண்டவர் எத்துணையர் என்று பிரித்துரைத்தல் எளிதன்று. இறந்தாரைத் தூக்குவதற்கும் உறவினர் அஞ்சிய காலத்தில் நோயாளியின் வீட்டினுள் நுழைந்தார்கள் என்பது மட்டும் உறுதி.

அக்காலத்து வட மாகாண ஏசண்டர் பேர்சிவல் ஆக்லண்ட் டைக், கிறீனின் உதவியோடு யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஏழைகளுக்கென நண்பர் உதவிச் சங்கத்தின் ஆஸ்பத்திரியை 1850 அளவில் நிறுவினார். இன்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை என விளங்குவதன் வித்து அதுவே. ஏறத்தாழ நாற்பது ஆண்டு வட மாகாணத்தை ஆண்ட டைக், 1867இற் கோப்பாயில் இறந்தார்.

இவ்வளவும் கூறியபின், கூறாது விட்டது ஒன்றுண்டு. மருந்து பெற வந்தோர் முன்னிலையில் முதலில் வேதவாசிப்பும் செபமும் நிகழ்ந்தன, பின்னரே மருந்து. நோயுற்றவன் கேட்க விரும்பினான் என்பதில்லை, கேட்க வேண்டியவனாயிருந்தான். உடம்பைக் குணப்படுத்துதல் ஆன்மாவை வெல்லுதற்கு வாயில் என்று கிறீன் வெளிப்படையாகவே கருதினார், மறைத்தாரல்லர். நாவலர் இத்தகைய முறைகளைக் கண்டித்து எழுதியதும் பேசியதும் யாவரும் அறிந்தவை. பசித்தவனுக்கும் வேலை தேடுபவனுக்கும் நோயாளிக்கும் உதவி காட்டிச் சமயத்தை மாற்றுவது அறமாகாது என்பது அவர் வாதம். அவ்வாதத்தின் வலிமையை இன்று நடுநின்று நோக்கும் எவரும் மறுத்தல் அரிது. துன்பமுற்றவனின் கைகள் கட்டுண்டவை. அவன் தலையசைப்பை உடன்பாடு என்று கொள்ளலாகாது.

ஆயினும் இப்பக்கத்தையும் பார்த்தல் வேண்டும். கிறீன் எதிர்பார்த்த பயன் விளைந்ததா? விளையவில்லை என்பதே வரலாறு. மருந்து பெற்றோர் தொகை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் ஏறிற்று. சமயம் மாறியோர் தொகையோ அதன் அருகிலும் வரவில்லை. யாழ்ப்பாணத்துச் சைவர் மருந்தை வாங்கிக்கொண்டு செபத்தைக் கேட்டுவிட்டுத் தம் வீட்டிற்குப் போய்த் திருநீறு தரித்தனர். செமினரியின் தொடக்க காலத்தில், சைவப் பிள்ளைகள் கிறித்தவர் வளவில் உண்ண மறுத்தமையால் அடுத்த காணியிலே சைவ சமையற்காரனைக் கொண்டு சமையலறை நடத்தினார்கள் என்பர். அதே மனப்பான்மையே மருந்தகத்திலும் செயற்பட்டது. கல்வி வேண்டும், மருந்து வேண்டும், மதம் வேண்டா என்பது அச்சமூகத்தின் நிலை. அதனைத் தந்திரம் என்று இகழ்வோரும் உளர். உறுதி என்று புகழ்வோரும் உளர். இரண்டும் கலந்தது எனலே பொருத்தம். சாதி காக்கும் எண்ணமும் அதனுள் அடங்கியிருந்தது என்பதையும் மறைத்தற்கில்லை.

இதனினும் நம்மை உறுத்தும் வினா வேறு. கல்வித் துறையிலே நாவலர் விடை கண்டார்: பாடசாலைக்குப் பாடசாலை, அச்சகத்துக்கு அச்சகம், நூலுக்கு நூல். அவர் வழியில் வந்தோர் 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியை எழுப்பினர். 1877இற் பஞ்சம் வந்தபோது நாவலர் கஞ்சித் தொட்டித் தருமம் நடத்திப் பசித்தோர்க்கு உணவளித்தார்; எந்தச் சமயமும் அங்கே கேட்கப்படவில்லை. ஆனால் மருத்துவத் துறையில், மானிப்பாய்க்கு எதிராகச் சைவர் ஒரு மருத்துவமனையையோ மருத்துவ வகுப்பையோ அந்நூற்றாண்டில் எழுப்பினாரல்லர். கோயிற்கு மதில் கட்டப் பொருள் இருந்தது. தேர் செய்யப் பொருள் இருந்தது. பரம்பரை வைத்தியம் உண்டே, அது போதும் என்று எண்ணியிருத்தல் கூடும். 1930களிலே மூளாயில் எழுந்த கூட்டுறவு வைத்தியசாலை ஊர்மக்களே பொருள் சேர்த்து நடத்தியது. ஆனால் அது கிறீன் வந்து ஏறக்குறைய தொண்ணூறாண்டு கழிந்தபின் எழுந்தது. நோயாளர் மானிப்பாய்க்குப் போனதைக் குறைகூறியவர், அவர்கள் போவதற்கு வேறிடம் அமைக்கவில்லை.

இந்து சமயத்தார் மருத்துவத் தொண்டைச் சமயக் கடனாகக் கொண்டு அமைப்பாய் இயங்கியது விவேகாநந்தர் காலத்திற்குப் பின்னரே. 1897ஆம் ஆண்டு தையில் அவர் கொழும்பில் இறங்கி யாழ்ப்பாணமும் சென்றார். அவ்வாண்டு வைகாசியில் இராமகிருஷ்ண மிசனை நிறுவினார். 1900இற் காசியில் நோயுற்ற யாத்திரிகர்க்காகத் தொடங்கிய சேவாச்சிரமம் அதன்பின் பெரு மருத்துவமனையாயிற்று. 1921இற் கடல் கடந்து இரங்கூனிலும் அம்மிசனார் சேவாச்சிரம மருத்துவமனை அமைத்தனர். இந்தியத் தொழிலாளரும் பர்மியரும் அதில் மருந்து பெற்றனர். சமயமே சாராத வகையும் உண்டு. சப்பானியர் சீனத்தைத் தாக்கியபோது, 1938இல் இந்தியாவிலிருந்து ஐந்து மருத்துவர் அங்குச் சென்றனர். அவர்களுள் ஒருவராகிய துவாரகநாத் கொட்னிஸ் 1942இல் சீனத்திலேயே உயிர் நீத்தார். பிரான்சில் 1971இற் பிறந்த எல்லைகளற்ற மருத்துவர் சங்கத்தார் உள்நாட்டுப் போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் பருத்தித்துறையிலும் அறுவைக் கூடத்தில் நின்றனர். அவர்கள் செபம் எதனையும் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வருவதும் போவதும் சில திங்களுக்கு ஒருமுறை. தமிழ் கற்றுப் பாடநூல் எழுத அவர்கட்குக் காலமில்லை. கிறீன் முதலும் இரண்டாம் முறையுமாக இருபது ஆண்டுக்கு மேல் இங்கு வாழ்ந்தவர். இவ்வேற்றுமையை எடைபோடும்போது இரு தட்டையும் பார்த்தல் வேண்டும்.

1873இற் கிறீன் உடல் தளர்ந்து யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். தமிழ் வகுப்பை அவர் மாணவர் சில காலம் நடத்தினர். பின் அது அவிந்தது. கொழும்பு மருத்துவக் கல்லூரியோ ஆங்கிலத்திற் கற்பித்தது. அரசின் உத்தியோகமும் அங்கு பயின்றோர்க்கே. தமிழிற் கற்ற வைத்தியனுக்கு ஊரிலே மதிப்பிருந்தது, அரசேட்டிற் பெயரில்லை. எத்துணை நல்ல பாடநூலும் இந்நிலையில் நெடுங்காலம் வாழாது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியபோது, மானிப்பாயிலிருந்து சில மைல் தொலைவிலேயே, கற்பிக்கும் மொழி மீண்டும் ஆங்கிலமாயிற்று. அதற்குத் தக்க காரணங்கள் உண்டு. நூறாண்டுக்கு முன் ஒருவர் அதே மண்ணில் வேறு விதமாகச் செய்து காட்டினார் என்பதும் உண்மை.

மானிப்பாய் மருத்துவமனை 1890களில் வந்த ஸ்கொட் என்னும் மருத்துவராலும் அவர் துணைவியாராலும் புத்துயிர் பெற்றுக் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்னும் பெயரைப் பூண்டது. 1898இல் பெண்களுக்கென இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. ஆண் வைத்தியரிடம் காட்டக் கூசி இறந்த தாய்மார் தொகையை அது எவ்வளவு குறைத்தது என்பதைத் தனியே ஒரு கட்டுரையில் ஆராய்தல் தகும்.

வூஸ்ரர் மீண்ட கிறீன் தம் முன்னோர் மனையிலே வாழ்ந்தார். அங்கிருந்தபடியே மானிப்பாய் மாணவர்க்குக் கடிதம் எழுதினார். அவர்கள் அனுப்பிய மொழிபெயர்ப்புத் தாள்களைத் திருத்தி அனுப்பினார். கப்பலிலே தாள் போகவும் வரவும் திங்கள்கள் சென்றன. பனி மூடிய ஒரு நாட்டில், சுற்றத்தார் எவரும் அறியாத எழுத்திலே, சுகரணம் என்றும் அங்காதிபாதம் என்றும் எழுதிக்கொண்டிருந்த முதியவரை அவ்வூரார் என்னென்று நினைத்தனரோ! ‘மனுஷ சுகரணம்’ 1883இல் அச்சாகி வெளிவந்தது. மறு ஆண்டு வைகாசித் திங்கள் அவர் உயிர் நீத்தார். தம் கல்லறைக்கு எளிய கல் ஒன்று போதும் எனவும், அதில் தம் பெயருக்குக் கீழே தமிழர்க்கு மருத்துவத் தொண்டு புரிந்தவர் என்னும் பொருள்படப் பொறிக்க வேண்டும் எனவும் எழுதி வைத்திருந்தார்.